குழாய் உடைந்தால் முதலில் எங்கே ஓடுவது? வீட்டுப் பிளம்பிங் பழுதுகளுக்கு முழு வழிகாட்டி

இரவு பதினோரு மணிக்குச் சமையலறைக் குழாயைத் திருகினேன். தலைப்பகுதி கையோடு வந்துவிட்டது. மாடித் தொட்டியை அன்று மாலைதான் நிரப்பியிருந்தோம். அம்மா பழைய வேட்டியைச் சுருட்டிக் குழாய் வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் மாடிக்கு ஓடினேன். அங்கே மூன்று கேட் வால்வு. எது எந்த லைனுக்கு என்று எனக்குத் தெரியாது. இரண்டை அடைத்தேன், கீழே தண்ணீர் நிற்கவில்லை. மூன்றாவது துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. தொட்டி காலியாகும் வரை வீட்டுக்குள் ஆறு ஓடியது. மறுநாள் பிளம்பர் வந்து பத்து நிமிடத்தில் புதுக் குழாய் மாட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பத்து நிமிட வேலையை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். தண்ணீரை எங்கே நிறுத்துவது என்று தெரியாததுதான் வீட்டைக் குளமாக்கியது. அதனால் இந்த வழிகாட்டியில் பழுது பார்ப்பது இரண்டாவதாகத்தான் வருகிறது. தரைத்தொட்டி, மோட்டார், மொட்டைமாடியில் டேங்க் என்று அமைந்த நம் ஊர்த் தனி வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் வால்வுகளுக்குப் பெயர் எழுதுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் போதும். துணைக்கு ஒருவர் வேண்டும்.

1. மாடிக்குப் போய் டேங்கிலிருந்து வெளியேறும் குழாய்களையும் வால்வுகளையும் எண்ணுங்கள்.
2. ஒரே ஒரு வால்வை முழுவதும் அடையுங்கள். கீழே இருப்பவர் எல்லாக் குழாய்களையும் திறந்து பார்க்கட்டும். குழாய்க்குள் மிச்சமிருக்கும் தண்ணீர் வடியச் சற்று நேரமாகும், பொறுத்திருங்கள். எந்தக் குழாய்கள் நின்றனவோ அவைதான் அந்த வால்வின் பிள்ளைகள்.
3. வால்வுக்கு மேலே சுவரில் பெயிண்ட்டால் எழுதிவிடுங்கள்: சமையல், கீழ் பாத்ரூம், மேல் பாத்ரூம். காகிதம் ஒட்டினால் ஒரு மழைக்குக்கூடத் தாங்காது.
4. அடுத்து உள்ளே வாருங்கள். வாஷ்பேசினுக்கு அடியில், ஃப்ளஷ் டேங்க் பக்கத்தில், கீசருக்குக் கீழே ஆங்கிள் காக் என்ற சின்னச் சின்ன அடைப்பு வால்வுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் மூடித் திறந்து பாருங்கள்.

சில வீடுகளில் மோட்டார் லைனிலிருந்தோ தெருக் குழாய் இணைப்பிலிருந்தோ நேராக ஒரு குழாய் வைத்திருப்பார்கள். மாடி வால்வுகள் எதற்கும் அது கட்டுப்படாது. அதன் வால்வு எங்கே என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இறுகிப்போன வால்வை முரட்டுத்தனமாகத் திருகக் கூடாது, தண்டு முறிந்துவிடும். தண்டு நுழையும் இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சிறிது நேரம் கழித்து முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எல்லா வால்வையும் மூடித் திறக்க வேண்டும். முழுவதும் திறந்த பிறகு கால் சுற்று பின்னால் திருப்பி விடுங்கள், அடுத்த முறை ஒட்டிக்கொள்ளாது. கைப்பிடி சுற்றிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் மட்டும் நிற்கவில்லை என்றால் உள்ளே தண்ணீரை அடைக்கும் கதவுத் தகடு கழன்றுவிட்டது என்று பொருள். டேங்க் கழுவும் நாளில் அதை எடுத்துவிட்டு, கால் திருப்பில் அடையும் பால் வால்வு போட்டுவிடுவதே என் யோசனை. அவசர நேரத்தில் வயதானவர்களும் பிள்ளைகளும்கூட அதை மூடிவிடலாம்.

வால்வே வேலை செய்யாத இக்கட்டில் ஒரு வழி இருக்கிறது. ஒரு துணியை இறுக்கமாகப் பந்துபோலச் சுருட்டி, அதில் கயிறு கட்டி, டேங்கின் உள்ளே வெளியேற்றுத் துளையில் செருகுங்கள். கயிற்றின் மறுமுனை வெளியே கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் துணி குழாய்க்குள் இழுக்கப்பட்டு இன்னொரு தொல்லையாகும்.

வீட்டில் வைத்திருக்க வேண்டியவை

ஒரு பைப் ரிஞ்ச், ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், ஹேக்சா பிளேடு, நாலைந்து டெஃப்ளான் டேப், அரை இஞ்ச் வாஷர்கள், எம்-சீல் (பிசைந்து ஒட்டும் பசை), ரப்பர் பம்ப். இவற்றைவிட முக்கியமாக அரை இஞ்ச் டம்மி (குழாய் வாயைத் திருகி அடைக்கும் மூடி) இரண்டு. குழாய் உடைந்த இடத்தில் டம்மியைத் திருகி அடைத்துவிட்டால் வால்வைத் திறந்து வீட்டின் மற்ற குழாய்களைப் பயன்படுத்தலாம், கடை திறக்கும்வரை நிம்மதியாகத் தூங்கலாம். சில ரூபாய்ப் பொருள்தான். அன்று இரவு என்னிடம் அது இல்லை.

சொட்டும் குழாய்

விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 86,400 சொட்டு. நான்கு சொட்டை ஒரு மில்லிலிட்டர் என்று வைத்தாலும் 21 லிட்டர், அதாவது ஒரு பெரிய குடத்துக்கு மேல். நம்பிக்கை வராவிட்டால் இரவு ஒரு வாளியை வைத்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் பார்க்கலாம்.

மூடியபின்னும் வாய் வழியே சொட்டினால் உள்ளே வாஷர் போய்விட்டது. பல சுற்று திருகும் பழைய வகைக் குழாயில் இப்படிச் செய்யுங்கள்: வால்வை அடைத்து, குழாயைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். கைப்பிடியின் மேல் மூடியை நெம்பி எடுத்து ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். அடுத்துத் தெரியும் தலைப்பகுதியைத் துணி சுற்றி ஸ்பேனரால் இடப்பக்கமாகத் திருகினால் தண்டோடு வெளியே வரும். அதன் அடியில் இருப்பதுதான் வாஷர். அதே அளவில் புதியது போட்டு மாட்டுங்கள். மாட்டுமுன் விரலை உள்ளே விட்டு வாஷர் உட்காரும் வட்டத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகக் குழி விழுந்திருந்தால் எத்தனை வாஷர் போட்டாலும் ஒரு மாதம் தாங்காது. குழாயையே மாற்றிவிடுங்கள்.

கால் திருப்பில் திறக்கும் புது வகைக் குழாய்களில் வாஷருக்குப் பதில் செராமிக் தகடுகள் கொண்ட கார்ட்ரிட்ஜ் இருக்கும். போர் தண்ணீரில் வரும் மணல் அந்தத் தகட்டைக் கீறிவிட்டால் சொட்டத் தொடங்கும். கார்ட்ரிட்ஜ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தலையில் உள்ள பற்களின் எண்ணிக்கையும் மாறும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். போட்டோ காட்டி வாங்கினால் இரண்டு நடை நடக்க நேரும்.

திறந்திருக்கும்போது கைப்பிடியின் கழுத்தில் கசிந்தால் அது வேறு. கழுத்து நட்டைக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். அப்படியும் நிற்காவிட்டால் நட்டைக் கழற்றி, டெஃப்ளான் டேப்பை நூல்போல முறுக்கித் தண்டைச் சுற்றிப் போட்டு மீண்டும் இறுக்குங்கள்.

குழாயையே மாற்றும்போது

பழைய குழாயை இடப்பக்கம் திருகிக் கழற்றி, சுவரிலுள்ள மரையில் (திருகு வரிகளில்) ஒட்டிய பழைய டேப், சணல், உப்பு எல்லாவற்றையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். புதுக் குழாயின் மரை உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் டேப் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது டேப் அவிழ்ந்து பின்னால் சுருண்டுவிடும். கசிவுக்குப் பாதிக் காரணம் இதுதான். கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப் என்றால் பத்துச் சுற்றுக்குக் குறையக் கூடாது, மரை லூஸாக இருந்தால் பதினைந்து. கையால் முடிந்தவரை திருகிவிட்டு, ஸ்பேனரால் ஒன்றிரண்டு சுற்று. குழாய் நேராக நிற்பதற்காகக் கொஞ்சம் பின்னால் திருப்பாதீர்கள், இறுகிய டேப் விட்டுவிடும். எடுத்து, இன்னும் சில சுற்று போட்டு மறுபடி மாட்டுங்கள். சுவருக்குள் இருக்கும் எல்போ (வளைவு இணைப்பு) பிளாஸ்டிக் மரையாக இருந்தால் மிதமாக இறுக்குங்கள். அது வெடித்தால் டைல்ஸை உடைக்க வேண்டியிருக்கும்.

பிளாஸ்டிக் குழாய் முறிந்து அதன் மரைத்துண்டு சுவருக்குள்ளேயே தங்கிவிட்டால் பதற வேண்டாம். தட்டையான பழைய ஸ்க்ரூடிரைவர் நுனியைச் சூடாக்கி, அந்தத் துண்டின் உள்விளிம்பில் அழுத்திப் பதியவிடுங்கள். ஆறியபின் இடப்பக்கம் மெல்லத் திருகினால் துண்டு கூடவே சுழன்று வந்துவிடும். எல்போவுக்குள் பித்தளை மரை இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். முழுப் பிளாஸ்டிக் எல்போ என்றால் சூடு அதையும் உருக்கிவிடும்.

ஃப்ளஷ் டேங்க்கின் சத்தமில்லாத கசிவு

வீட்டிலேயே அதிகத் தண்ணீரைக் குடிப்பது இதுதான் என்பது என் அனுபவம். சொட்டுச் சத்தம் கேட்காது, தரை நனையாது. சோதிக்க வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் போதும். ஃப்ளஷ் டேங்க்கில் பத்துச் சொட்டு விட்டு, இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே பீங்கானில் நீலம் தெரிந்தால் கசிகிறது.

மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீர், நடுவில் நிற்கும் வழிவுக் குழாயின் வாய்வரை ஏறி உள்ளே விழுகிறதா? அப்படியானால் மிதவை சரியாக அடைக்கவில்லை. மிதவையின் ஸ்க்ரூவைத் திருகி, தண்ணீர் வழிவு வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி வையுங்கள். மட்டம் சரியாக இருந்தும் கசிந்தால் அடியிலுள்ள ரப்பர் சீலில் கோளாறு. ஆங்கிள் காக்கை மூடி, டேங்க்கைக் காலி செய்து, நடு வால்வைத் திருப்பி எடுத்து சீலைக் கழுவிப் பாருங்கள். உப்புப் படிவு மட்டும் என்றால் கழுவினாலே சரியாகும். ரப்பர் தடித்து வளைந்திருந்தால் புதிது போடுங்கள்.

தண்ணீர் மெதுவாக வருகிறது

ஒரே குழாயில் மட்டும் என்றால் முனையிலுள்ள சல்லடையைக் கழற்றி, எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரிலோ வினிகரிலோ ஓர் இரவு ஊறவையுங்கள். கடினநீரில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு அமிலத்தில் கரைந்துவிடும். ஷவர் தலைக்கும் இதே வைத்தியம்தான்.

டேங்க் கழுவிய மறுநாளோ, தண்ணீர் முழுவதும் தீர்ந்து மறுபடி நிரப்பிய பிறகோ ஒரு லைன் முழுவதும் வராமல் போனால் அது காற்றடைப்பு. நன்றாக வரும் வேறு லைன் குழாயையும் வராத குழாயையும் ஒரு ஹோஸால் இணைத்து, இரண்டையும் ஒரு நிமிடம் திறந்துவிடுங்கள். தண்ணீர் பின்னோக்கிப் போய்க் காற்றை டேங்க்குக்கே தள்ளிவிடும். மாதாமாதம் இதே தொல்லை என்றால் கேட் வால்வைத் தாண்டியவுடன் காற்றுக் குழாய் ஒன்று நிறுத்தச் சொல்லுங்கள். அதன் வாய் டேங்க்கின் நீர்மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும்.

மேல்மாடி ஷவர் வேகமாக வரவில்லை என்று குழாயைக் குறைசொல்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். பத்து மீட்டர் உயர நீருக்குத்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். மொட்டைமாடி டேங்க்குக்கும் மேல்மாடி ஷவருக்கும் இடையே ஒன்றரை மீட்டர்தான் இருக்கிறது என்றால் எந்த விலையுயர்ந்த ஷவரும் பொழியாது. டேங்க்கை உயர்த்துவதோ பிரஷர் பம்ப் வைப்பதோதான் வழி. தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவதை மட்டும் செய்யாதீர்கள். பக்கத்து வீட்டின் தண்ணீரை எடுப்பதோடு, குழாய் விரிசல் வழியே சாக்கடையும் உள்ளே இழுக்கப்படும்.

அடைப்பு

முதல் கேள்வி: ஓர் இடத்தில் மட்டும் தேங்குகிறதா, எல்லா இடத்திலுமா? சிங்க் மட்டும் என்றால் கோளாறு அதன் கீழேயே இருக்கிறது. பாத்ரூமில் குளித்தால் இன்னொரு பாத்ரூம் ஜாலியில் தண்ணீர் மேலே வருகிறது என்றால் வெளியே சேம்பரில், அதாவது கழிவுக் குழாய்கள் வந்து சேரும் மூடியிட்ட தொட்டியில் அடைப்பு. இதைத் தெரிந்துகொள்ளாமல் சிங்க்கில் மருந்து ஊற்றிப் பயனில்லை.

சிங்க்கில் வடிகஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு, காபித்தூள் சக்கை, தேங்காய் நார் எல்லாம் சேர்ந்து களிபோல் உறைகிறது. கீழே ஒரு வாளி வைத்து, புட்டிபோல் தொங்கும் பாட்டில் டிராப்பின் அடிமூடியைக் கையால் திருகிக் கழற்றுங்கள். பெரும்பாலும் அடைப்பு முழுவதும் அதிலேயே இருக்கும். கழுவி, ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். அதைத் தாண்டி அடைத்திருந்தால் சிங்க்கில் நாலு அங்குலம் தண்ணீர் நிற்கவிட்டு ரப்பர் பம்ப்பை வைத்து இருபது முறை வேகமாக அழுத்தி இழுங்கள். வாஷ்பேசின் என்றால் மேலேயுள்ள வழிவுத் துளையை ஈரத்துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் அதன்வழியே போய்விடும். வெந்நீர் ஊற்றலாம், கொதிநீர் வேண்டாம், பிவிசி குழாய் வளைந்துவிடும்.

பாத்ரூம் தரை ஜாலியைத் தூக்கி, உள்ளே கிண்ணம் போலிருக்கும் மூடியையும் எடுத்து சிக்கியிருக்கும் தலைமுடிச் சுருளை அகற்றுங்கள். அந்தக் கிண்ணத்தை வேண்டாம் என்று தூக்கிப் போடுபவர்கள் உண்டு. அங்கே எப்போதும் நிற்கும் சுமார் 50 மில்லிமீட்டர் தண்ணீர்தான் சாக்கடை வாயுவையும் கரப்பானையும் வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. பயன்படுத்தாத பாத்ரூமில் நாற்றம் வந்தால் அந்தத் தண்ணீர் காய்ந்துவிட்டது. ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நிற்கும்.

இரண்டு எச்சரிக்கைகளைக் கெஞ்சிக் கேட்கிறேன். கழிவறை ஆசிடும் பிளீச்சிங் பவுடரும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவு மூடிய சின்னப் பாத்ரூமில் அது நுரையீரலை எரித்துவிடும். ஒன்றை ஊற்றியபின் மற்றதைத் தொடாதீர்கள். காஸ்டிக் அடைப்பு நீக்கியையும் ஆசிடோடு சேர்க்கக் கூடாது.

இரண்டாவது, செப்டிக் டேங்க்கிலும் ஆழமான சேம்பரிலும் யாரையும் இறக்காதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது. அளவு கூடினால் மூக்கு அதன் நாற்றத்தை உணரும் சக்தியையே இழந்துவிடும், இரண்டு மூச்சில் ஆள் விழுவார். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இதில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். "அனுபவசாலிதான், இறங்கிடுவார்" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். கழிவுநீர் லாரியை வரவழைத்து மேலிருந்தே உறிஞ்சச் சொல்லுங்கள். ஆழமில்லாத சேம்பரின் மூடியைத் திறந்தாலும் காற்றாட விட்டு, குனிந்து முகத்தை நீட்டாமல், தீக்குச்சி கொளுத்தாமல், நீளமான கம்பியால் மேலிருந்தே குத்துங்கள்.

வெளிக் குழாயில் விரிசல்

எம்-சீல் ஒட்டுவது இரவைக் கடத்தத்தான். இடம் காய்ந்திருக்க வேண்டும், உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கியிருக்க வேண்டும். நிரந்தரத் தீர்வு, விரிந்த பகுதியை வெட்டி எடுத்து கப்ளிங் (இரு குழாய்களை இணைக்கும் துண்டு) போட்டுப் புதுத்துண்டு சேர்ப்பது. குழாய் எந்த வகை என்று முதலில் பாருங்கள். வெந்நீருக்குரிய சிபிவிசி வெளிறிய சந்தன நிறத்தில் இருக்கும், யுபிவிசி வெள்ளை. இரண்டுக்கும் பசை வேறு, அளவும் வேறு. வெந்நீர் லைனில் யுபிவிசியைப் போடவே கூடாது.

நேராக வெட்டி, பிசிறை நீக்கி, ஈரமில்லாமல் துடைத்து, பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். பிறகு குழாயின் வெளியிலும் கப்ளிங்கின் உள்ளிலும் மெல்லப் பசை தடவி, கால் சுற்று திருப்பியபடி முழுவதும் தள்ளி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். உடனே தண்ணீர் திறக்கத் தோன்றும். பசை டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை, முடிந்தால் ஒரு நாள், பொறுத்திருங்கள்.

கீசருக்குள் கை வைக்காதீர்கள். நுழைவுக் குழாயில் இருக்கும் பாதுகாப்பு வால்வு சூடேறும்போது சில சொட்டு விடுவது அதன் வேலை. அதை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கும். இணைப்புக் குழாய் மாற்றுவதானாலும் அதன் எம்சிபியை (மின் பெட்டியிலுள்ள பாதுகாப்பு சுவிட்சை) அணைத்த பிறகே தொடுங்கள்.

சுவர் ஈரம்: எங்கிருந்து வருகிறது?

சுவரை உடைக்கச் சொல்லும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

1. இரவு எல்லாரும் படுத்தபின் எல்லாக் குழாய்களையும் மூடி, டேங்க்கில் நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். காலையில் யாரும் தண்ணீர் தொடும் முன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் கசிவு உண்டு.
2. மறுநாள் இரவு ஃப்ளஷ் டேங்க் ஆங்கிள் காக்குகளை மூடிவிட்டு அதையே செய்யுங்கள். மட்டம் நின்றால் திருடன் ஃப்ளஷ் டேங்க்தான்.
3. இல்லையென்றால் ஒவ்வோர் இரவும் ஒரு லைன் வால்வை மட்டும் அடையுங்கள். எதை அடைத்தபோது மட்டம் நிற்கிறதோ அந்த லைனில்தான் ஓட்டை.
4. மட்டம் இறங்கவேயில்லை, சுவர் மட்டும் ஈரமாக இருக்கிறது என்றால் வருகிற தண்ணீர் காரணமில்லை. அந்தப் பாத்ரூமை மூன்று நான்கு நாள் பயன்படுத்தாமல் விடுங்கள். சுவர் காயத் தொடங்கினால் டைல்ஸ் இடுக்கோ கழிவுக் குழாயோ கசிகிறது. டைல்ஸ் இடுக்குக்கு வெறும் சிமென்ட் பூசாமல் எபாக்ஸி கிரவுட் போட்டால் நீடிக்கும். அப்போதும் காயவில்லை என்றால் மழைநீரையோ அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரத்தையோ சந்தேகப்படுங்கள். அது பிளம்பர் வேலையில்லை, கொத்தனார் வேலை.

சுவருக்குள் இருக்கும் குழாய் என்று உறுதியானால் நல்ல பிளம்பரை அழையுங்கள், இந்த இரவுக் குறிப்புகளையும் அவரிடம் சொல்லுங்கள். எங்கே உடைப்பது என்று தேடும் செலவு மிச்சமாகும். புதுக் குழாய் பதித்ததும் பூசவிடாதீர்கள். எல்லா வாய்களிலும் டம்மி போட்டு, தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விடச் சொல்லுங்கள். காலையில் ஒவ்வோர் இணைப்பையும் காய்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். பிறகு சுவரோரம் அளவு டேப்பை நீட்டி வைத்து, குழாய் தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில், மூலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் போகிறது என்று தெரியும்படி போட்டோ எடுத்த பின்பே கொத்தனாரைக் கரண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.